வீராங்கனையும் கதாநாயகனும்

கலை மக்களின் வாழ்விலிருந்து பிறக்கிறது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. அவ்வாறு பிறந்த கலை, தன்னைப் பெற்ற வாழ்வுக்கு நேர்மையாக நடந்துகொள்கிறதா என்று கேட்பதே விமர்சனத்தின் முதற் கடமை. அக்கேள்வியை எழுப்புவதற்கு ஒரு திரைப்படத்தையும் ஒரு விளையாட்டு வீராங்கனையின் வாழ்க்கையையும் இங்கே அருகருகே வைக்கிறோம். திரைப்படம், அட்லியின் இயக்கத்தில் 2019 ஒக்ரோபர் 25ஆந் திகதி வெளிவந்த ‘பிகில்’. வீராங்கனை, மணிப்பூர் மாநிலத்தின் முன்கள ஆட்டக்காரி பாலாதேவி. அப்படம் வெளிவந்து ஏறத்தாழ மூன்று மாதங்களின் பின், 2020 ஜனவரி 29ஆந் திகதி, ஸ்கொட்லாந்தின் றேஞ்சர்ஸ் கழகத்தோடு பதினெட்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அவர். வெளிநாடொன்றில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்திய உதைபந்தாட்ட வீராங்கனை அவரே.

சினிமாவைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். உரும்பிராய் போன்ற ஒரு கிராமத்தில், உதைபந்தை உதைக்க ஆசைப்படுகின்ற ஒரு மாணவி பாலாதேவியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பது அரிது. ‘பிகில்’ படத்தைக் கேள்விப்படாதிருப்பது அதனிலும் அரிது. தன் ஆசைக்கு உருவம் தேடுகின்ற வயதில் அவளுக்குக் கிடைக்கின்ற உருவம் சினிமா கொடுப்பதுதான். ஆகவே அந்த உருவம் எத்தகையது என ஆராய்வது ஆசிரியர்களும் மாணவர்களும் தட்டிக் கழிக்க முடியாத வேலை.

படத்தின் நல்லம்சங்களை முதலிற் கூறிவிடுவோம். தமிழ்த் திரையிலே பெண்கள் கூட்டாக ஓடி, வியர்த்து, மோதி, விழுந்து எழுகின்ற காட்சிகள் மிகக் குறைவு. காதலுக்கும் கண்ணீருக்கும் மாத்திரமே உரியதாகக் கருதப்பட்ட பெண்ணுடலை, உழைக்கின்ற உடலாக இலட்சக்கணக்கானோர் பார்க்கும்படி செய்தது இப்படம். திருமணத்தின் பின் கணவன் வீட்டாரால் தடுக்கப்படுகின்ற காயத்திரியும், அமிலவீச்சுக்கு ஆளாகி வீட்டுக்குள் ஒடுங்கிவிட்ட அனிதாவும் வெறுங் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். நமது சமுதாயத்திலே எத்தனையோ திறமைகள் புதைந்துபோகின்ற இடங்களைத்தான் அவ்விரு பாத்திரங்களும் சுட்டுகின்றன.

ஆனால் சுட்டிய இடத்திலே படம் நிற்கவில்லை. இப்பெண்களின் பூட்டிய கதவுகள் ஒவ்வொன்றையும் திறப்பவன் ஒருவனே. அவன் விஜய் நடித்த மைக்கல் என்ற பயிற்சியாளன். வீட்டாரிடம் வாதாடுபவன் அவன். எதிரிகளை அடித்து வீழ்த்துபவன் அவன். பெண்களின் உள்ளத்தில் ஓர்மத்தை ஊட்டுபவனும் அவனே. பாண்டியம்மா என்ற வீராங்கனையை அவளது உடற்பருமனைச் சொல்லி இழிவுபடுத்துகிறான். அவள் ஆத்திரங்கொண்டு ஓடிக் கோல் போடுகிறாள். அவமதிப்பே அவளுக்கு ஊக்கமாம்! காலங்காலமாகப் பெண்ணின் உடலைக் கேலி செய்து வந்த வாய், இங்கே குருவின் வாயாகிவிட்டது. கேலி உபதேசமாக உயர்த்தப்படுகிறது. கோலைப் போட்டவள் பாண்டியம்மா; அதன் பெருமையோ மைக்கலுக்குச் சேர்கிறது.

இதைவிடப் பாரதூரமான குறை ஒன்றுண்டு. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய வெற்றி பெறுவதை இப்படம் கதாநாயகன் நிகழ்த்திய அற்புதமாகக் காட்டுகிறது. அந்த அற்புதம் உண்மையில் முன்னரே நிகழ்ந்துவிட்டது. 2018 பெப்ரவரியில், ஒடிசாவின் கட்டாக் நகரில், தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என வென்று தேசியச் சாம்பியன்களாயினர். 2019 மே மாதத்தில் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதிப் போட்டியில், மதுரைச் சேது கழகம், பாலாதேவியின் மணிப்பூர் பொலிஸ் அணியை 3-1 என வீழ்த்தியது. மணிப்பூர், தேசியச் சாம்பியன் பட்டத்தை இருபது தடவைக்கு மேல் வென்ற மாநிலம் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வெற்றிகளின் பெறுமதி விளங்கும். இவற்றுக்குப் பின்னால் நின்றவை மைதானங்களும் விளையாட்டு விடுதிகளும், பெயர் வெளியே தெரியாத பயிற்சியாளர்களின் பல்லாண்டு உழைப்புமே. நிகழ்ந்துவிட்ட கூட்டு வெற்றியை மறந்து, நிகழாத தனிமனித வெற்றியைக் கொண்டாடுவதே வணிகக் கலையின் இயல்பு.

இனிப் பாலாதேவியைப் பார்ப்போம். 1990 பெப்ரவரி 2ஆந் திகதி பிறந்தவர். சிறுவயதில் ஊர்ப் பையன்களோடு சேர்ந்து பந்தாடிப் பழகியவர். பதினைந்தாவது வயதில், 2005இல், இந்திய அணியில் இடம்பெற்றார். 2010 முதலான பத்தாண்டில் இந்தியாவுக்காக 58 ஆட்டங்களில் 52 கோல்கள் போட்டவர் என றேஞ்சர்ஸ் ஒப்பந்த வேளையிற் கணக்குக் காட்டப்பட்டது. ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற அளவை அண்மிக்கின்ற இச்சாதனை எந்த நாட்டு முன்கள வீரருக்கும் பெருமை தரக்கூடியது. எனினும் வெளிநாட்டுக் கழகமொன்றின் தொழில்முறை ஒப்பந்தம் அவர் கைக்கு வந்தபோது, அவரது முப்பதாவது பிறந்தநாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. முன்கள ஆட்டக்காரர் பலரின் கால்கள் வேகங் குறையத் தொடங்குகின்ற வயது அது.

அதுவரை அவருக்குச் சோறு போட்டது எது? மணிப்பூர் பொலிஸ் துறையின் வேலை. இந்தியாவில் ஆண்களுக்கான தேசிய உதைபந்தாட்ட லீக் 1996இல் தொடங்கியது; பெண்களுக்கான லீக் 2016-17இல்தான் வந்தது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் வளர்ந்த வீராங்கனைகளுக்குக் காக்கி உடையே பெரும் புகலிடமாக இருந்தது. கடலூரில் பிறந்த இந்திய அணி வீராங்கனை இந்துமதியும் தமிழ்நாடு பொலிஸில் உப பரிசோதகராக இருந்தவர். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது அவர் சென்னை வீதிகளிற் கடமையில் நின்றார். அதே பருவத்தில் ஸ்கொட்லாந்திலும் மைதானங்கள் மூடப்பட்டன. காத்திருந்த பாலாதேவி, 2020 டிசம்பர் 6ஆந் திகதி மதர்வெல் அணிக்கெதிராகத் தமது முதற் கோலைப் போட்டார். அந்த ஆட்டத்தை றேஞ்சர்ஸ் 9-0 என வென்றது.

பத்திரிகைகள் இதனை ‘முதற் பெண்’ என்ற தலைப்பிட்டுக் கொண்டாடின. கொண்டாட்டம் நியாயமானதே. ஆனால் ‘முதற் பெண்’ என்ற சொற்றொடரிலே ஒரு குற்றப்பத்திரிகையும் மறைந்து கிடக்கிறது. அவருக்கு முன்னர் ஏன் எவருமில்லை என்ற வினாவை எழுப்பாத புகழ்ச்சி, அநீதியை அலங்கரிக்கின்ற மாலையாகவே முடியும்.

இந்நிலை நம் நாடுகளுக்கு மாத்திரம் உரியதன்று. முதலாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிரெஸ்ரன் நகரத் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி அமைத்தனர். 1920 டிசம்பர் 26ஆந் திகதி லிவர்ப்பூலில் அவ்வணி ஆடியபோது 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, உதைபந்தாட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறி, ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் தனது மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அத்தடை ஏறத்தாழ ஐம்பதாண்டு நீடித்தது. அவ்வணியின் பெயர்பெற்ற முன்கள வீராங்கனை லிலி பார், வைத்தியசாலையில் தாதியாக உழைத்துக்கொண்டே 1951 வரை ஆடினார். லிலி பாருக்கும் பாலாதேவிக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கிடக்கிறது. ஆனால் வேறொரு தொழிலாற் பிழைத்து, எஞ்சிய நேரத்தில் விளையாட வேண்டிய நிலை இருவருக்கும் ஒன்றே.

வீராங்கனையின் வாழ்க்கையில் அடிப்படைப் பிரச்சினை வீரமன்று, கூலி என்பது இதனால் விளங்கும். ‘தொழில்முறை’ என்ற சொல்லின் பொருளே, விளையாட்டு உழைப்பாக ஏற்கப்பட்டு, அதற்கு ஊதியம் கொடுக்கப்படுகிறது என்பதுதான். ‘பிகில்’ படத்திலே இந்தக் கூலிப் பிரச்சினை மையத்துக்கு வரவில்லை. பெண்ணுக்கு வேண்டியது துணிச்சல் ஒன்றே என்றும், அதனை ஓர் ஆண் வழங்கினாற் போதும் என்றும் அது கருதுகிறது. துணிச்சல் நம் பெண்களிடம் ஒருநாளும் குறைந்ததில்லை. உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில் வெயிலிற் குனிந்து வெங்காயம் நடுபவர்களும் களை பிடுங்குபவர்களும் பெண்களே. குறைந்திருப்பது அவர்களது உழைப்புக்குக் கொடுக்கப்படுகின்ற விலை.

நமது வடபகுதியிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் வெற்றிகள் ஈட்டியவர்கள். அத்தகைய மாணவி உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததும் அவளது பந்து எங்கே போகிறது? பையன்களுக்கு ஊர்தோறும் விளையாட்டுக் கழகம் இருக்கிறது; மாலையில் மைதானம் அவர்களுடையது. பெண்ணுக்குப் பாடசாலை வாயிலோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. தேசிய அணியை எட்டியவர்களுக்கும் உறுதியான நிலம் கிடைக்கவில்லை. வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி 2023 ஜனவரியில் சர்வதேசச் சம்மேளனமாகிய ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதம் வரை நீடித்த அத்தண்டனை, குற்றத்தில் எப்பங்குமில்லாத வீராங்கனைகளின் தலையிலும் விழுந்தது.

ஆகவே எழுத்தாளருக்கும் திரைக்கலைஞருக்கும் நாம் கூறுவது இதுதான்: வீராங்கனையின் கதையை எழுதுங்கள், ஆனால் அவளைக் காப்பாற்ற ஒரு கதாநாயகனை அனுப்பாதீர்கள். அவளது பஸ் கட்டணம், கிழிந்த சப்பாத்து, தாயின் அன்றாட உழைப்பு, பந்தை அவள் கால்வரை கொண்டுவந்து சேர்த்த பத்துத் தோழியர் ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். ஆசிரியர்களே, மாணவர்களே, நமக்கும் வேலை உண்டு. ஊர் மைதானத்திலே வாரத்தில் சில மாலைகளையேனும் பெண்களுக்கு ஒதுக்குமாறு கேட்போம். விளையாட்டுக் கழகங்களின் கதவுகளைப் பெண்களுக்குத் திறக்கும்படி வற்புறுத்துவோம். பாடசாலையை விட்டு வெளியேறும் வீராங்கனைக்கு வேலைக்கும் பயிற்சிக்கும் வழிசெய்யுமாறு கோருவோம். அற்புதங்களை நம்பிக் காத்திருக்கின்ற சமுதாயத்தில் நூறாண்டுக்கு ஒரு பாலாதேவி தோன்றக்கூடும். மைதானத்தையும் கூலியையும் நியாயமாகப் பங்கிடுகின்ற சமுதாயத்திலோ ‘முதற் பெண்’ என்ற தலைப்புக்கே தேவை இராது.