கருணையா? கணக்கா?

முதுகுன்றம் என்று தமிழ் அழைத்த ஊரை, விருத்தாசலம் ஆக்கினர் வடமொழிக்கு வணக்கம் செலுத்தியோர். பெயரை மாற்ற முடிந்தது அவர்களால். மண்ணை மாற்ற முடியவில்லை. அந்த மண்ணிலே பிறந்த பாட்டாளி, நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணைக் குழைத்து, அச்சிலே வார்த்து, சூளையிலே வேகவைத்து, பொம்மையாகவும் அகலாகவும் கிண்ணமாகவும் நாடெங்கும் அனுப்புகிறான். பீங்கான் தொழிலைக் கற்பிக்க அரசே நடத்தும் கல்விக்கூடமும் அங்குண்டு.

அங்கே கிண்ணம் வாங்கப் போகிறவர், கையில் எடுத்ததும் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் நல்ல சரக்கு. மொத்தென்று ஒலித்தால், எங்கோ விரிசல்! மேலே பூசிய பளபளப்பு எவ்வளவு கண்ணைப் பறித்தாலும், காது சொல்வதைத்தான் நம்புவார்.

தோழர்களே! நாமும் ஒரு சரக்கைத் தட்டிப் பார்ப்போம். அது கிண்ணமன்று, ஒரு வாக்கியம். இரயில் பயணச்சீட்டின் அடியிலே, 2016ஆம் ஆண்டிலே அச்சிடத் தொடங்கிய வாக்கியம். பயணத்திற்காகும் செலவிலே சராசரியாக 57 விழுக்காட்டைத்தான் இரயில்வே பெறுகிறது என்பது அதன் பொருள். பிறகு அதற்கொரு துணை வாக்கியமும் வந்தது. உமது பயணச் செலவில் 43 விழுக்காட்டை இந்நாட்டின் சாமானியக் குடிமக்கள் சுமக்கிறார்கள் என்பதை நீர் அறிவீரோ என்று, பயணியைப் பார்த்துக் கேள்வி!

இலக்கிய ஏட்டிலே சீட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எந்தக் காவியம் இத்தனைக் கோடிக் கைகளிலே தவழ்ந்தது? எந்தப் புராணம் இத்தனைப் பேர் சட்டைப்பையிலே குடியிருந்தது? இவ்வளவு பேர் படித்த வாசகத்தை விமர்சிக்காமல், எதை விமர்சிப்பது?

முதல் தட்டு. "நீர்" என்கிறது வாக்கியம். "சாமானியக் குடிமக்கள்" என்கிறது. இரண்டும் வேறு வேறு ஆட்களாம்! விருத்தாசலம் சந்திப்பிலே, முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலிலே ஒரு காலும் வெளியிலே ஒரு காலுமாகத் தொங்குகிறானே, அவன் சாமானியன் அன்றேல், சாமானியன் யார்? உடுப்பு உட்பட, வாங்கும் பொருள்கள் பலவற்றுக்கும் வரி கட்டுகிறான். வரி கட்டும்போது குடிமகன். வண்டி ஏறியதும் கடனாளி! ஒரே மனிதனை இரண்டாகப் பிளந்து, ஒருவனை மற்றவன் மீது ஏவிவிடும் வித்தை இது. பிறப்பாலே மனிதரைப் பிரித்த வித்தையைக் கண்டவர்கள் நாம். கணக்காலே பிரிக்கும் வித்தையை அடையாளம் காணவும் தெரியவேண்டாமா?

இரண்டாம் தட்டு, வரலாற்றின் மீது. 1856 ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னாட்டின் முதல் பயணி வண்டி புறப்பட்டது. ஓட்டியது வெள்ளையர் கம்பெனி. அக்கம்பெனிகளுக்குத் துரைத்தனத்தார் தந்த வாக்குறுதி என்ன? போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி, குறைந்தால் இந்திய வருவாயிலிருந்து ஈடு, நிலமோ இலவசம்! உழவன் கட்டிய வரி, இலண்டன் பங்குதாரன் பெட்டிக்குப் போயிற்று. "சீமானே! உமது இலாபத்தைச் சாமானியக் குடிமக்கள் சுமக்கிறார்கள் என்பதை அறிவீரோ?" என்று எந்தப் பங்குப் பத்திரத்திலாவது அச்சிட்டார்களா? காணோம்! முதலாளிக்குத் தந்தபோது உத்தரவாதம்; ஏழைக்குத் தரும்போது உபகாரம். பொருள் ஒன்றுதான், பெயர்தான் ஆளைப் பார்த்து மாறுகிறது.

தென்னிந்திய இரயில்வே 1944இல் சர்க்கார் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று, மூன்று இரயில்வேக்களை இணைத்துத் தெற்கு இரயில்வே உருவாயிற்று. வெறும் கையெழுத்தாலே வந்ததன்று இந்தப் பொதுவுடைமை. 1928இல் நாகையிலும் பொன்மலையிலும் மற்ற ஊர்களிலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் சிறை புகுந்தார். நிலைய உணவு விடுதியிலே பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்க்கு வேறிடம் என்றிருந்த இழிவு, பெரியாரின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பின் 1941இல் ஒழிந்தது. மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் 1974இல் மறைந்தது. பெயர் மறைந்தது, பெட்டியின் நெரிசல் மறைந்ததா என்பதை, ஏறிப் பார்த்தவர் சொல்லட்டும்.

ஆக, இந்த இரயில் நம்முடையது. உடைமையாளனைப் பார்த்து, "உனக்குப் பாதி விலைக்குத் தருகிறோம், நினைவிருக்கட்டும்" என்று காவலாள் சொல்வதுண்டோ? 2024 டிசம்பரிலே நாடாளுமன்றத்தில் இரயில்வே அமைச்சர் அதைத்தான் சொன்னார். நூறு ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம். ஆண்டுக்கு 56,993 கோடி ரூபாய் மானியம் என்றார். தொகை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் மானியம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமை பெறும். இரயில்வேயின் வருவாயிலே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சரக்கு வண்டி தருவது. நிலக்கரி ஏற்றிச் செல்லும் வண்டி ஈட்டுவது, மனிதரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு உதவுகிறது. நிலக்கரிக்கான கூலியோ, மின்கட்டணத்திலே சேர்ந்து, மீண்டும் அதே சாமானியன் வீட்டுக்குத்தான் வருகிறது. ஒரு சட்டைப்பையிலிருந்து எடுத்து மறு சட்டைப்பையிலே போட்டுவிட்டு, நடுவிலே நின்று நன்றி கேட்கிறார்கள்!

வானத்தைப் பாருங்கள். விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்கு இருப்புப்பாதை செல்கிறது. அதே சேலத்திலிருந்து சென்னைக்கு 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்திலே விமானம் விட்டார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என இருக்கைகளிலே ஒரு பகுதிக்கு உச்சவரம்பு. விமானக் கம்பெனிக்கு ஏற்படும் குறையை ஈடுகட்ட, அரசு வகுத்த நிதி. சிற்றூருக்கும் விமானம் வரட்டும். வேண்டாமென்று சொல்ல நாம் பழமைவாதிகளல்லர். கேட்பதெல்லாம் இதுதான்: விமானச் சீட்டிலே அந்த வாக்கியம் எங்கே? பறப்பவனுக்குத் தந்தால் வளர்ச்சி. நெரிசலில் நிற்பவனுக்குத் தந்தால் நட்டம்! இதுதான் விரிசல், தோழர்களே. தட்டினால் ஒலிக்கிறது.

மூன்றாம் தட்டு, கட்டணக் குறைப்பு என்னும் அரசியலின் மீது. இங்கே நம் காதை இன்னும் கூர்மையாக்கிக் கொள்ளவேண்டும்; குறைப்பு என்ற சொல் கேட்டதும் கைதட்டுவது நம்மவர் வழக்கம்.

2006ஆம் ஆண்டு இரயில்வே நிதிநிலை அறிக்கையிலே கட்டணம் குறைந்தது. யாருக்கு? குளிரூட்டிய முதல் வகுப்புக்கு 18 விழுக்காடு. குளிரூட்டிய இரண்டடுக்குக்கு 10 விழுக்காடு. மறு ஆண்டிலே சாதாரண இரண்டாம் வகுப்புக்கும் குறைந்தது: சீட்டுக்கு ஒரு ரூபாய்! 2012 மார்ச்சிலே அமைச்சர் தினேஷ் திரிவேதி கட்டணத்தைச் சிறிது உயர்த்தினார். அவருடைய கட்சித் தலைமை சினந்தது. சில நாட்களிலேயே பதவி போயிற்று. வந்தவர் பெரும்பாலான உயர்வைத் திரும்பப் பெற்றார். 2014 ஜூனில் 14.2 விழுக்காடு உயர்வு. பம்பாய்ப் புறநகரிலே எதிர்ப்பு எழுந்ததும், 80 கிலோமீட்டர் வரையிலான இரண்டாம் வகுப்புக்கு விலக்கு. தேர்தல் நெருங்கினால் இறங்குவதும், தேர்தல் முடிந்தால் ஏறுவதுமாக, கட்டணம் ஒரு வெப்பமானி போலாயிற்று. ஆளவந்தாரின் அச்சத்தை அளக்கும் வெப்பமானி!

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை கொரோனாக் காலத்திலே நடந்தது. 2020 மார்ச்சில் வண்டிகள் நின்றன. மீண்டும் ஓடியபோது, சாதாரணப் பயணி வண்டிகள் 'சிறப்பு' வண்டிகள் ஆயின. வேகம் கூடியதா? இருக்கை கூடியதா? இல்லை; கட்டணம் கூடியது! குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாயாயிற்று. சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ விவாதமின்றி, பெயரை மாற்றியே மூன்று மடங்கு! விருத்தாசலத்திலிருந்து நெய்வேலிக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். இருபது ரூபாய்ப் பயணம் அறுபது ரூபாயாயிற்று. கூலியிலிருந்து கழிந்த அந்த நாற்பது ரூபாய், அவள் வீட்டிலே பாலாகவோ பாடநூலாகவோ இருந்திருக்கும்.

2024 பிப்ரவரி இறுதியிலே பழைய கட்டணம் திரும்பியது. மார்ச் நடுவிலே நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு! எடுத்த முப்பதிலே இருபதைத் திருப்பித் தந்ததைக் கட்டணக் குறைப்பு என்று கொண்டாடியவர்களும் உண்டு. பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது பரிசாகுமோ? அதே 2020 மார்ச்சிலே பறித்த முதியோர் சலுகையை, ஆடவருக்கு 40, பெண்டிர்க்கு 50 விழுக்காடாக இருந்ததை, அப்போதும் திருப்பித் தரவில்லை.

இனி, நமக்கு நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். பகைவரைத் தட்டிப் பார்க்கும் விரலுக்கு நம் சூளைச் சரக்கையும் தட்டிப் பார்க்கும் நேர்மை வேண்டும். "கட்டணத்தைக் குறை, குறை" என்று மட்டும் முழங்கினால் போதுமா?

விருத்தாசலத்திலிருந்து அதே பாதையிலே தெற்கே போனால் அரியலூர். 1956 நவம்பர் 23 அன்று விடியுமுன், மருதையாற்று வெள்ளத்திலே பாலம் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றிலே விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். விதியென்று சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்ள நாம் வைதிகர்களல்லர். பாலத்தின் வலிமை, வெள்ளத்தின் அளவு, கண்காணிப்பின் தரம் இவை பகுத்தறிவின் துறை, பணத்தின் துறையுங்கூட. 2012 பிப்ரவரியிலே ககோட்கர் குழு, பாதுகாப்புக்கு ஐந்தாண்டுகளில் ஒரு இலட்சம் கோடி ரூபாய் வேண்டும் என்றது. அடுத்த மாதம்தான், உயர்த்திய கட்டணத்துக்காக அமைச்சர் வெளியேறினார்! மலிவான சீட்டு, மலிந்த பாலம் என்றால், மிச்சப்படுத்திய காசை உயிராலே கட்டுகிறோம்.

ஆகவே, குறைப்பை மட்டும் கேட்பவன் பாதிக் கணக்குப் போட்டவன். முழுக் கணக்கு எது? பாதுகாப்புக்கும் பாதைக்கும் ஆகும் செலவைச் சாலைக்குத் தருவது போலப் பொதுக் கருவூலம் தரவேண்டும். அதை மன்றத்திலே வெளிப்படையாக விவாதித்து வாக்களிக்க வேண்டும். 1924 முதல் தனியாக இருந்த இரயில்வே நிதிநிலை அறிக்கையை 2017இல் பொது அறிக்கையோடு கலந்துவிட்டனர். எந்த வண்டிக்கு எவ்வளவு, எந்த ஊருக்கு எவ்வளவு என்று ஒரு நாள் முழுதும் கேட்க இருந்த வாயிலும் குறுகிற்று. உடைமை பொதுவில் இருந்து, கணக்கு மறைவில் இருந்தால், அந்தப் பொதுவுடைமை பெயர்ப்பலகை மட்டுமே.

அப்படியானால் தனியாரிடம் விட்டுவிடலாமே என்பார் சிலர். விட்டுப் பார்த்த நாடு பிரிட்டன். 1990களில் பிரித்து விற்றது. பாதையை வைத்திருந்த 'ரெயில்டிராக்' கம்பெனி 2001இல் நொடித்தது. கட்டணமும் உயர்ந்தது, அரசுப் பணமும் தொடர்ந்து போயிற்று. 2024இல் சட்டமியற்றி, 2025 மே மாதம் முதல் வண்டிகளை ஒவ்வொன்றாக மீண்டும் பொதுவுடைமையாக்கத் தொடங்கினர். இங்கே 2020இல் 151 தனியார் வண்டிகள் விடுவதாக முரசறைந்தார்கள், ஏலத்துக்கு வந்தவர் சிலரே, திட்டம் தேய்ந்தது. 2022 ஜூனிலே 'பாரத் கௌரவ்' திட்டத்தில் முதல் தனியார் வண்டி, கோவையிலிருந்து ஓடியது. எங்கே? ஷீரடிக்கு, தரிசனத்துக்கு! வேலைக்குப் போகிறவனுக்கு வண்டி விட எந்த முதலாளி முன்வந்தான்?

நம் வீட்டுச் சான்றும் இருக்கிறது. அரசுடைமையான பேருந்துகளில், 2021 மே முதல் தமிழ்நாட்டுப் பெண்கள் நகரச் சாதாரணப் பேருந்திலே கட்டணமின்றிச் செல்கிறார்கள். பேருந்து பொதுவில் இருந்ததால்தான் ஒரு கையெழுத்தாலே அது முடிந்தது. அதற்கும் செலவுண்டு, அச்செலவு அரசின் கணக்கிலே எழுதப்படுகிறது, சட்டமன்றத்திலே கேட்கப்படுகிறது. ஏறும் பெண்ணிடம், "உன்னை யார் சுமக்கிறார்கள் தெரியுமா?" என்று சீட்டு கேட்கவில்லை.

அவ்வளவுதான் வேறுபாடு! ஒன்று உரிமையைக் கணக்கிலே எழுதுகிறது. மற்றொன்று கருணையைச் சீட்டிலே எழுதுகிறது.

தோழர்களே! விரிசல் விழுந்த கிண்ணத்துக்கு மேற்பூச்சுப் பூசி விற்பதை முதுகுன்றத்துப் பாட்டாளி இழிவென்று எண்ணுவான். உடைத்துப் போட்டுப் புதிதாக வார்ப்பான். சீட்டின் வாக்கியத்தையும் அப்படியே வார்ப்போம். "இந்த வண்டி உங்களுடையது. இதற்கான செலவு இவ்வளவு, கட்டணம் இவ்வளவு, பொதுக் கருவூலம் தந்தது இவ்வளவு, பாலத்துக்கும் பாதைக்கும் ஒதுக்கியது இவ்வளவு. ஐயமிருந்தால் கேளுங்கள்." இப்படி அச்சிடும் நாள் வரட்டும். அன்றைக்கும் நாம் விரலால் ஒரு தட்டுத் தட்டித்தான் வாங்குவோம்!