பாவனைக் கூட்டமும் நிஜக் கூட்டமும்

ஓர் இணையதளத்தைத் திறப்பதற்கு முன் அதன்மேல் ஆயிரக்கணக்கான போலிப் பயனர்களை ஏவிப் பார்ப்பது மென்பொருள் துறையில் இன்று வழக்கமான வேலை. ஜேமீட்டர், கேட்லிங், லோகஸ்ட், கே6 என்று கருவிகளுக்குக் குறைவில்லை. லாகின் செய்வது, தேடுவது, பணம் கட்டுவது என ஓர் ஆள் செய்யக்கூடியதை ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுத்தால், பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் அதைச் செய்வதுபோல் கருவி சர்வருக்குக் கோரிக்கைகளை அனுப்பும். 'லோடு டெஸ்டிங்' எனப்படும் இந்தச் சுமைச் சோதனை கட்டாயம் தேவை. ஆனால் 'பாஸ்' என்று அது சொன்னதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோமே, அந்த நிம்மதிக்கு அடிப்படை மிகக் குறைவு.

தேவை என்பதற்கு அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் ஒன்றே போதும். ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான அது 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. முதல் நாளில் காப்பீட்டுப் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வரை வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் சுமார் 2,50,000 பேர். திறப்பதற்குச் சில நாள் முன்பு நடந்த சோதனையில் சில நூறு பாவனைப் பயனர்களுக்கே தளம் படுத்துவிட்டது என்பது பின்னால் வெளிவந்தது. சோதனை தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. அது சொன்னதைக் கேட்டுத் தேதியைத் தள்ளிப்போட ஆள் இல்லை. கடைசி நேரத்தில் நடத்தும் சோதனையின் கதி இதுதான்: குறை தெரியும், சரிசெய்ய நேரம் இருக்காது.

உரிய காலத்தில் செய்தால், வேறு எந்த வழியிலும் பிடிபடாத குறைகளை இது பிடித்துக் கொடுக்கும். டேட்டாபேஸுக்கு 50 இணைப்புகள்தான் என்று ஏதோ ஒரு கான்ஃபிக் ஃபைலில் யாரோ எழுதி வைத்திருப்பார்கள். தனியாக உட்கார்ந்து சோதிக்கும் டெவலப்பருக்கு அது தட்டுப்படவே படாது. கூட்டம் ஏறும்போது 51ஆவது கோரிக்கை இணைப்புக்காகக் காத்து நிற்கும். அதன் பின்னால் வரிசை நீளும். சர்வரின் சிபியு பாதிகூட வேலை செய்யாமல் இருக்க, பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் 'பெரிய சர்வர் வாங்கலாம்' என்று செலவு செய்யும் நிறுவனங்கள் உண்டு. ஒழுங்கான சோதனை அந்தப் பணத்தை மிச்சப்படுத்தும்.

ஆனால் இந்தச் சோதனையிலேயே ஒரு கோளாறு உண்டு. அது பாவனைப் பயனரின் குணத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஸ்கிரிப்டுகளில் ஒரு பயனர் கோரிக்கை அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவார். 100 பயனர்கள், பதில் நேரம் ஒரு விநாடி என்றால் விநாடிக்கு 100 கோரிக்கைகள். சர்வர் திணறிப் பதில் நேரம் 10 விநாடி ஆனால் கோரிக்கைகள் விநாடிக்கு 10ஆகக் குறைந்துவிடும். அதாவது, சர்வர் தள்ளாடத் தொடங்கியதும் சோதனையே அதற்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது. நிஜக் கூட்டம் அப்படி நடந்துகொள்ளாது. காலை 10 மணிக்கு ஐஆர்சிடிசியில் ஏசி வகுப்புக்குத் தட்கல் எடுக்க உட்காருபவரை எண்ணிப் பாருங்கள். பக்கம் தாமதமானால் ரெஃப்ரெஷ் அடிப்பார், போனிலும் திறப்பார், இன்னொரு அறையிலிருக்கும் மகளையும் முயற்சி செய்யச் சொல்வார். சர்வர் மெதுவாக ஆக ஆகக் கூட்டம் பெருகும்.

இதே கோளாறு அளவீட்டையும் கெடுக்கிறது. அசுல் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கில் டெனே இதற்கு ஓர் உதாரணம் சொல்வார். ஒரு சர்வர் 100 விநாடிகள் வரை, விநாடிக்கு 100 கோரிக்கை வீதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிவிநாடியில் பதில் தருகிறது. அடுத்த 100 விநாடிகள் அப்படியே உறைந்துவிடுகிறது. பதிலுக்குக் காத்திருக்கும் கருவியின் பதிவேட்டில் 10,000 நல்ல பதில்களும் ஒரே ஒரு மோசமான பதிலும்தான் ஏறும். சராசரி சுமார் 11 மில்லிவிநாடி. உறைந்திருந்த நேரத்தில் வந்திருக்க வேண்டிய கோரிக்கைகளையும் சேர்த்தால் உண்மையான சராசரி சுமார் 25 விநாடி! இத்தனை பெரிய பொய்யைச் சொன்ன அறிக்கையில் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கோரிக்கைகள் வரும் வேகத்தைச் சர்வரின் பதிலோடு கட்டிப்போடாமல் அனுப்பும் முறை கே6, கேட்லிங் இரண்டிலும் இருக்கிறது. வசதி இருந்தும் பழைய முறையிலேயே ஓட்டுவதுதான் வருத்தம்.

இன்னும் உண்டு. ஒரே பயனர் பெயர், ஒரே தேடல் சொல் என்று ஓட்டினால் எல்லாப் பதில்களும் முன்பே சேமித்து வைத்த நகலிலிருந்தே, அதாவது கேஷிலிருந்தே வரும். டேட்டாபேஸ் சோதிக்கப்படுவதே இல்லை. ஓடிபி அனுப்பும் சேவை, பேமெண்ட் கேட்வே ஆகியவை வெளியார் கையில் இருப்பதால் அவற்றுக்குப் பதிலாகப் பொம்மைகளை வைத்துச் சோதிக்கிறார்கள். நிஜத்தில் மூச்சு முட்டுவதோ பல நேரம் அந்த இடங்களில்தான்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் தளம் விழலாம் என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இணையம் வழியாக நடத்திய அந்நாட்டுப் புள்ளியியல் அமைப்பு, தன் தளம் மணிக்கு 10 லட்சம் படிவங்களைத் தாங்கும், எதிர்பார்க்கும் தேவையைப் போல் அது இரண்டு மடங்கு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஆகஸ்ட் 9 இரவு அந்தத் தளத்தின்மேல் ஒரு தாக்குதல் நடந்தது. அது சிறியதுதான் என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது. வெளிநாட்டுக் கோரிக்கைகளைத் தடுக்கும் ஏற்பாடு முழுதாக வேலை செய்யவில்லை. ஒரு ரூட்டரை அணைத்துப் போட்டபோது அது ஒழுங்காக எழுந்திருக்கவில்லை. தளம் ஏறத்தாழ 40 மணி நேரம் மூடிக் கிடந்தது. அந்த ரூட்டரை முன்பே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் குறை தெரிந்திருக்கும் என்று ஒப்பந்ததாரரான ஐபிஎம் நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டது. லட்சக்கணக்கில் படிவங்களைத் தாங்குமா என்று பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை.

கூட்டம் ஏறியிருக்கும்போதே ஒரு சர்வரை நிறுத்துவது, ஒரு வெளிச் சேவையைத் தாமதப்படுத்துவது ஆகியவையும் சுமைச் சோதனையின் பகுதியாக வேண்டும். தேர்வு முடிவும் தடுப்பூசிப் பதிவும் மானிய விண்ணப்பமும் இணையத்துக்கு வந்துவிட்ட காலத்தில், ஒரு தளம் படுத்தால் பாதிக்கப்படுகிறவர் பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் எளியவர். ஆகவே அரசுத் துறைகளில் தளங்களை ஒப்புக்கொள்ளும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எத்தனை பயனர்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். பதில் வராதபோது அந்தப் பயனர்கள் என்ன செய்தார்கள், எந்தச் சேவைகளுக்குப் பொம்மை வைத்தீர்கள், எதை நிறுத்திப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.