இரண்டு நொடி டென்ட்டும் தருமபுரிக் காற்றும்

சித்திரை, வைகாசியில் தருமபுரிப் பக்கம் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பகலெல்லாம் வெயில் வாட்டும். நாலு மணிக்கு மேல் வானம் கருக்கும். முதலில் வருவது காற்று, புழுதியை வாரிக்கொண்டு. வாழைகள் சாய்ந்த செய்தியை மறுநாள் நாளிதழில் படிப்போம். பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில்தான். ஒகேனக்கல்லுக்கும் வத்தல்மலைக்கும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் கிளம்புவதும் அப்போதுதான். ஆகவே இந்த வட்டாரத்துக்கு டென்ட் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இது காற்றுக்கு நிற்குமா என்பதை. விளம்பரங்களோ எத்தனை நொடியில் நிமிரும் என்பதை மட்டுமே பேசுகின்றன.

அந்தப் பேச்சைப் பெரிதாகத் தொடங்கிவைத்தது டெகாத்லான் நிறுவனம். 2005-ல் தன் கெச்சுவா பிராண்டில் ‘டூ செகண்ட்ஸ்’ டென்ட்டை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. வளையும் கம்பிகள் துணியோடு சேர்ந்தே இருக்கும். கட்டை அவிழ்த்துத் தூக்கிப் போட்டால் தானாக விரிந்து நிற்கும். இந்த வசதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். இருட்டிய பிறகு ஊர் போய்ச் சேர்ந்து, ஒரு குழந்தை தோளில் தூங்க, இன்னொன்று பசியில் அழும்போது, கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி டென்ட் போடுவது பெரும்பாடு. மழை தூறத் தொடங்கிவிட்டால் அந்தப் பத்து நிமிடத்தில் படுக்கையெல்லாம் நனைந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேகம் என்பது வெறும் சொகுசு அல்ல.

ஆனால் அந்த வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை மறுநாள் காலையில்தான் தெரியும். விரிக்க இரண்டு நொடி. மடக்க ஒரு மல்யுத்தம். வளையங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, எட்டு வடிவில் முறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக விழச் செய்ய வேண்டும். பனியில் நனைந்த துணி கையில் வழுக்கும். பழகாதவர் திசை மாற்றி முறுக்கினால் கம்பி கோணிவிடும். கோணிய கம்பியை அங்கே வைத்துச் சரிசெய்ய வழியில்லை. மடக்கியது பெரிய தாம்பாளம் போன்ற வட்டமாகத்தான் நிற்கும். நான்கு பேர் டென்ட் என்றால் அதைவிட அகலம். காரின் டிக்கியில் ஒருவாறு கிடத்தலாம். வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ இதைப் பிடித்துக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது வகை, குடை போல நடுவில் மூட்டு வைத்த சட்டம். கயிற்றை இழுத்தால் அல்லது கால்களை நீட்டிப் பூட்டினால் நிற்கும். உள்ளே தாராளமாக இடம் இருக்கும், மடக்குவதும் எளிது. குடும்பத்துக்கு இது முன்னதைவிட நல்லது. இதன் உயிர் அந்த மூட்டுகளில் இருக்கிறது. விலை குறைந்தவற்றில் அவை வெறும் பிளாஸ்டிக். பலத்த காற்றில் ஒன்று உடைந்தால் சட்டமே படுத்துவிடும். சாதாரண குவிமாட டென்ட்டில் ஃபைபர் கம்பி முறிந்தால், முறிந்த இடத்தில் ஒரு சிறு உலோகக் குழாயை மாட்டி, டேப் சுற்றி இரவை ஓட்டிவிடலாம். காற்றடைத்து நிறுத்தும் வகையும் இருக்கிறது. புயல் தள்ளினால் வளைந்துகொடுத்து மறுபடி நிமிரும் என்பது அதன் நல்ல குணம். ஆனால் எடை அதிகம், பம்பும் வேண்டும். வேலிகாத்தான் முள் சிதறிக் கிடக்கும் நம் நிலத்தில் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

நொடிக்கணக்கில் சேராத வேலை ஒன்று உண்டு: முளை அடிப்பது. முளையும் இழுகயிறும் இல்லாத டென்ட், எந்த வகையானாலும், முதல் காற்றிலேயே புரளும். தருமபுரியில் இது மண்ணுக்கு மண் மாறும். கோடையில் காய்ந்த செம்மண்ணில், பெட்டியோடு வரும் மெல்லிய கம்பி முளை பாதியிலேயே வளைந்துவிடும். ஆடு கட்டும் இரும்பு முளை போலத் தடித்ததை வாங்கி, டென்ட்டுக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடிக்க வேண்டும். ஆற்று மணலில் சாதாரண முளை பிடிக்காது; பையில் கல் நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்ட வேண்டும். பாறையில் முளைக்கே வேலையில்லை. ஆகவே முளை இல்லாமலே தன் கம்பியில் நிற்கக்கூடிய வகையை எடுத்து, கயிறுகளைக் கனமான கற்களில் கட்டுவதுதான் வழி. இதற்கெல்லாம் கால் மணி நேரமாவது ஆகும். அதையும் கூட்டினால் இரண்டு நொடி டென்ட்டுக்கும் பத்து நிமிட டென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

எனக்கு உண்மையான கவலை வேறு. நொடியில் நிற்கும் என்பதால், கண்ட இடத்தில் போட்டுவிடும் துணிச்சல் வந்துவிடுகிறது. ஒகேனக்கல் கரை மணல் பார்க்கப் படுக்கை விரித்தது போலத்தான் இருக்கும். இங்கே ஒரு துளி மழை இல்லாதபோதும் குடகிலும் வயநாட்டிலும் பெய்தால் காவிரி பெருகும். 2018 ஆகஸ்டில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடியைத் தொட்டது. ஆற்றை ஒட்டிய காடுகளோ யானைகளின் வழி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்க வந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் கொண்டுபோனது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் டென்ட் போடுவது குற்றம் மட்டுமல்ல, குழந்தைகளை ஆபத்தில் படுக்க வைப்பது. உரிமையாளர் சம்மதத்தோடு ஒரு மாந்தோப்பிலோ காப்பித் தோட்டத்திலோ, ஓடைத் தடத்தையும் தனி மரத்தடியையும் விட்டு, சற்று மேடான இடத்தில் தங்குங்கள்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் நீரழுத்தம் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். மேல்துணிக்கு 2,000 இருந்தால் நம் மழைக்குப் போதும். தரைத்துணி அதற்கும் மேல் இருக்க வேண்டும், ஏனென்றால் முழங்கால் ஊன்றும் இடத்தில்தான் நீர் ஊறும். ஒற்றைத் துணி டென்ட் வேண்டவே வேண்டாம். நான்கு பேர் மூச்சுவிட்டால் விடியற்காலையில் உள்பக்கம் வியர்த்து, தலைமேல் சொட்டும். உள்ளே வலைத்துணி, வெளியே தரைவரை இறங்கும் மழைத்துணி என இரட்டையாக இருப்பதே வேண்டும். ‘நான்கு பேர்’ என்று போட்டிருந்தால் நான்கு உடல்கள் நெருக்கியடித்துப் படுக்கலாம் என்றே பொருள்; பைகளுக்கு இடமிருக்காது. நான்கு பேர் குடும்பம் ஆறு பேர் டென்ட் வாங்கட்டும்.

காரில் போய்த் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்குகிறவர்களுக்கு, உலோக மூட்டு வைத்த குடை வகை போதும். பேருந்தில் போகிறவர்களுக்கும் மலைமேல் தங்குகிறவர்களுக்கும் சாதாரண குவிமாட டென்ட்டே மேல். தூக்கிப் போடும் வட்ட டென்ட் பகலில் குழந்தைகளுக்கு நிழலாக இருக்கட்டும். காற்றுக் காலத்தில் குடும்பம் தூங்க நான் அதைச் சொல்ல மாட்டேன். எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மொட்டை மாடியில் ஒருமுறை நிறுத்தி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு நீங்களே மடக்கிப் பாருங்கள். மடக்க முடியவில்லை என்றால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.