சீன வயலில் விளைந்தது எது? ஒரு புகழ்பெற்ற கணக்கைப் பற்றி

மூன்று கல் கூட்டிய அடுப்பில் சோறு வெந்து இறங்குகிறது. எந்தக் கல் சோற்றை ஆக்கியது என்று யாரேனும் கேட்டால் நாம் சிரிப்போம். ஆனால் பொருளியல் அறிஞர்கள் சில வேளைகளில் இத்தகைய கேள்வியைக் கேட்பதோடு, ஒவ்வொரு கல்லுக்கும் இத்தனை விழுக்காடு என்று விடையும் தந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கணக்கு ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. சாதாரணக் கணக்கன்று, வளரும் நாடுகளின் பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக் காட்டும் கணக்கு.

1992-ஆம் ஆண்டில் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' என்ற ஆய்விதழில், சீனப் பொருளியல் அறிஞர் ஜஸ்டின் யீஃபு லின் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவரே பின்னாளில், 2008 முதல் 2012 வரை, உலக வங்கியின் தலைமைப் பொருளியல் அறிஞராகப் பணியாற்றியவர். 1978-க்கும் 1984-க்கும் இடையே சீனாவின் பயிர் விளைச்சல் மதிப்பு ஏறத்தாழ 42 விழுக்காடு உயர்ந்தது. இவ்வுயர்வில் கிட்டத்தட்டப் பாதி, நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்ட சீர்திருத்தத்தால் மட்டுமே வந்தது என்பது லின் கண்ட முடிவு. உரம் போன்ற இடுபொருள்கள் பெருகியதால் வந்தது ஏறத்தாழ மறுபாதி. அதிலும் உரத்தின் பங்கு மட்டும் மூன்றில் ஒன்று.

இந்த முடிவிலிருந்து பலர் எளிய பாடம் ஒன்றைப் படித்துக்கொண்டார்கள்: "கட்டுப்பாட்டை நீக்கு, உற்பத்தித்திறன் தானே உயரும்." இப்பாடம் சரிதானா என்று பார்ப்பதற்கு முன், நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

நடந்தது என்ன?

1950-களின் கடைசியிலிருந்து சீனக் கிராமங்களில் நிலம் கூட்டுடைமையாக இருந்தது. கம்யூன், அதற்குள் படை, அதற்குள் உற்பத்திக் குழு என்று அடுக்கடுக்கான அமைப்பு. உழவர் நாள்தோறும் குழுவோடு வயலுக்குச் செல்வார். அவர் செய்த வேலைக்குப் 'புள்ளிகள்' குறிக்கப்படும். ஆண்டின் முடிவில் குழுவின் வருமானம் புள்ளிக் கணக்கில் பங்கிடப்படும். நன்றாகக் களை பறித்தவருக்கும் பறிப்பதுபோல் பாவனை செய்தவருக்கும் புள்ளியில் பெரிய வேறுபாடு இராது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஒருவர் ஐம்பது பேரைக் கண்காணிக்க முடியும். பரந்து கிடக்கும் வயலில், பருவத்துக்குப் பருவம் மாறும் வேலையில் அது நடவாது. இதுவே லின்னின் வாதத்தின் உயிர்நாடி. அதை மறுப்பது கடினம்.

1978-ஆம் ஆண்டின் கடைசியில் ஆன்ஹுய் மாநிலத்தின் சியாவ்காங் என்ற சிற்றூரில் 18 குடும்பத்தினர் இரகசியமாகக் கூடி, நிலத்தைப் பிரித்துக்கொள்வதென ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். அரசுக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு எஞ்சியதைத் தாமே வைத்துக்கொள்வது என்பது ஒப்பந்தம். 1980-இன் முடிவில் சீன உற்பத்திக் குழுக்களுள் 14 விழுக்காடு இம்முறைக்கு மாறியிருந்தன. 1983-இன் முடிவில் 98 விழுக்காடு! இதற்கிடையே 1979-இல் அரசு, தானியத்தின் கொள்முதல் விலையை 20 விழுக்காடு உயர்த்தியது. ஒதுக்கீட்டுக்கு மேல் விற்கும் தானியத்துக்கு 50 விழுக்காடு கூடுதல் விலையும் அளித்தது.

விளைவு உலகையே வியக்க வைத்தது. 1978-இல் 30.5 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984-இல் 40.7 கோடி டன் ஆயிற்று. (சீனர் 'தானியம்' என்னும்போது சோயாவையும் கிழங்குகளையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள்.) பருத்தியோ ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. இது வெறும் புள்ளிவிவரமன்று. பசித்த வயிறுகள் நிறைந்த வரலாறு.

கணக்கு எப்படிப் போடப்பட்டது?

உற்பத்தித்திறன் என்பதைத் தராசில் நிறுக்க முடியாது. நிலம், உழைப்பு, உழவு மாடும் டிராக்டரும், உரம் ஆகிய இடுபொருள்கள் எவ்வளவு பெருகின என்று முதலில் கணக்கிடுகிறார்கள். அவற்றால் விளக்க முடிந்த விளைச்சல் போக எஞ்சி நிற்பதற்கு 'உற்பத்தித்திறன் வளர்ச்சி' என்று பெயர் சூட்டுகிறார்கள். இது ஓர் எச்சம். இவ்வெச்சம் நாம் அறியாதவற்றின் அளவே என்று பொருளியல் அறிஞர் மோசஸ் அப்ரமோவிட்ஸ் 1956-லேயே எச்சரித்திருக்கிறார்.

லின் இந்த எச்சத்தோடு நின்றுவிடவில்லை. 28 மாநிலங்களின் விவரங்களை 1970 முதல் 1987 வரை திரட்டினார். குடும்பப் பொறுப்பு முறைக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரே நாளில் மாறவில்லை. ஆன்ஹுய் முந்தியது, சில மாநிலங்கள் பிந்தின. முந்திய மாநிலங்களில் விளைச்சலும் முந்தி உயர்ந்ததா என்று அவர் பார்த்தார். உயர்ந்திருந்தது. நாடு முழுவதையும் ஒரே எண்ணாக்கிப் பேசுவதைவிட இது எவ்வளவோ மேலான முறை. அவருடைய உழைப்புக்கும் நேர்மைக்கும் நாம் தலை வணங்க வேண்டும்.

குறை எங்கே?

குறை, சமன்பாட்டில் இருப்பவற்றில் இல்லை, இல்லாததில் இருக்கிறது. விதை அதில் இல்லை. தொழில்நுட்ப மாற்றத்துக்கென நேரடியான அளவுகோல் ஏதும் அதில் இடம்பெறவில்லை. ஆண்டுகள் நகர்வதே அதற்கு ஈடாக நிற்கிறது. அதாவது, தொழில்நுட்பம் என்பது நாட்காட்டித் தாள் கிழிவதுபோல் ஆண்டுக்கு இவ்வளவு என்று எல்லா மாநிலங்களிலும் ஒரே சீராக வளர்வதாகக் கொள்ளப்படுகிறது. உண்மையில் அது அப்படி வளரவில்லை.

சீன நெல்லின் கதையைக் கேளுங்கள். பழைய நெற்பயிர் உயரமானது. தழைச்சத்தை மிகுதியாக இட்டால் இன்னும் உயர்ந்து, கதிரின் சுமை தாங்காமல் சாய்ந்துவிடும். குவாங்டுங் மாநிலத்தில் ஹுவாங் யாவ்சியாங் என்ற அறிவியலார் உருவாக்கிய குட்டை நெல் 1959-லேயே வெளிவந்தது. நம் உழவர்கள் நன்கறிந்த ஐ.ஆர். 8 வெளிவந்தது 1966-இல்தான். இரண்டின் குட்டைத் தன்மைக்கும் காரணம் ஒரே மரபணு என்பது பின்னர் தெரியவந்தது.

அடுத்த படி வீரிய ஒட்டு நெல். நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆகவே இரு ரகங்களைக் கலந்து பேரளவில் விதை எடுப்பது அரிது. 1970-இல் ஹைனான் தீவில் ஆண் மலட்டுத்தன்மை உடைய காட்டு நெற்செடி ஒன்றை யுவான் லாங்பிங்கின் குழுவினர் கண்டெடுத்தார்கள். அதைக் கொண்டு, மலட்டுத் தாய்ச் செடி, அதன் மலட்டுத்தன்மையைக் காத்துவரும் செடி, வளத்தை மீட்டுத் தரும் செடி என்ற மூவகை முறையை 1973-இல் முழுமையாக்கினார்கள். 1976 முதல் அது வயல்களில் பரவலாயிற்று. சாதாரணக் குட்டை ரகங்களைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்தது. குடும்பப் பொறுப்பு முறை பரவிய அதே ஆண்டுகளில்தான் இந்த நெல்லும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட வேகத்தில் பரவியது.

உரத்தின் கதையும் இப்படியே. 1978-இல் 88 லட்சம் டன்னாக இருந்த உரச்சத்துப் பயன்பாடு 1984-இல் 174 லட்சம் டன், இரு மடங்கு. இந்த உரம் எங்கிருந்து வந்தது? 1973-இல் சீன அரசு வெளிநாட்டு நிறுவனங்களிடம் 13 பெரிய அம்மோனியா-யூரியா ஆலைகளுக்கு ஒப்பந்தம் செய்தது. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 1,000 டன் அம்மோனியா செய்யவல்லது. சீர்திருத்தம் தொடங்கிய வேளையில் அந்த ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கியிருந்தன. நீரும் முன்பே வந்துவிட்டது. 1952-இல் 2 கோடி ஹெக்டேராக இருந்த பாசனப் பரப்பு, 1978-இல் 4.5 கோடி ஹெக்டேர்.

ஆக, விதை தயார், நீர் தயார், உரம் தயார். அப்போது உழவனின் கையில் கட்டியிருந்த கயிறு அவிழ்க்கப்பட்டது.

கூட்டலா, பெருக்கலா?

இங்கே ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வயலில் பழைய விதை, பழைய முறை; விளைச்சல் 10 மூட்டை. விதையை மட்டும் மாற்றினால் 12. அக்கறையாக உழைக்கும் முறையை மட்டும் கொண்டுவந்தால் அதுவும் 12. இரண்டையும் சேர்த்தால் 14 ஆகவில்லை, 16 ஆகிறது என்று கொள்வோம். உயர்ந்த 6 மூட்டையில் விதைக்கு 2, உழைப்புக்கு 2. மீதி 2 மூட்டை யாருடையது?

விதை முன்பே வயலில் இருந்து, முறை பின்னால் வந்தது என்றால், நம் கண்ணுக்குத் தெரியும் உயர்வு 12-இலிருந்து 16. நான்கு மூட்டையும் சீர்திருத்தத்தின் பெயரில் எழுதப்படும். முறை முன்னே வந்து விதை பின்னே வந்திருந்தால் அதே நான்கும் விதையின் புகழாகியிருக்கும். வயல் ஒன்றே, விளைச்சல் ஒன்றே; வந்த வரிசை மாறினால் பாராட்டும் மாறுகிறது. லின்னின் 'பாதி'யை நான் பொய் என்று சொல்லவில்லை. அந்தப் பாதிக்குள் ஆய்வுக்கூடத்தின் உழைப்பும் மறைந்து நிற்கிறது என்கிறேன்.

1984-க்குப் பின்

ஓர் உண்மையைச் சோதிக்கச் சிறந்த இடம், அது நின்றுபோகும் இடமாகும். 1985-இல் சீனத் தானிய விளைச்சல் 37.9 கோடி டன்னாக விழுந்தது. 1984-இன் அளவை மீண்டும் எட்ட 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. கொள்முதல் முறை மாறி விலைக் கவர்ச்சி குறைந்ததும், உழவர் வேறு பயிர்களுக்கும் ஊர்த் தொழில்களுக்கும் திரும்பியதும் இதற்குக் காரணங்கள். ஆனால் அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. லின்னே அதை ஏற்கிறார். குடும்பப் பொறுப்பு முறையின் பயன் ஒரு தடவைக்கானது. கட்டை அவிழ்க்கலாம், அவிழ்த்ததை மறுபடி அவிழ்க்க முடியாது.

அதற்குப் பின் விளைச்சலை உயர்த்தியது எது? ஜிகுன் ஹுவாங், ஸ்காட் ரோசெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிய ரகங்களின் பரவலையும் சமன்பாட்டில் சேர்த்துப் பார்த்தார்கள். சீர்திருத்த ஆண்டுகளில்கூடத் தொழில்நுட்பத்தின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. 1984-க்குப் பிந்திய வளர்ச்சிக்கோ அதுவே முதன்மைக் காரணமாக நின்றது.

ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தின் வேருக்கு அப்போது நீர் ஊற்றப்பட்டதா? குளம் தூர்வாரவும் வாய்க்கால் வெட்டவும் ஆள் திரட்டிய கூட்டமைப்பு கலைந்துவிட்டது. பாசனப் பரப்பு 1985-இல் 4.4 கோடி ஹெக்டேர். ஏழு ஆண்டுகளில் ஓரடி முன்னேறவில்லை. 1985-இல் ஆய்வு நிறுவனங்களுக்கு அரசு தரும் நிதியைக் குறைத்து, அவை தாமே சம்பாதிக்க வேண்டும் என்ற கொள்கை வந்தது. வேளாண் விரிவாக்க நிலையங்கள் பூச்சிமருந்தும் உரமும் விற்று ஊழியர் சம்பளத்தை ஈடுகட்ட முற்பட்டன. மருந்து விற்பவரே எவ்வளவு மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்பவராகவும் இருந்தால் உழவன் யாரை நம்புவது? சீனா பின்னர் ஆராய்ச்சிக்கு மீண்டும் பெருநிதி ஒதுக்கியது. 2024-இல் அதன் தானிய விளைச்சல் 70 கோடி டன்னைத் தாண்டியிருக்கிறது. ஒரு சீர்திருத்தத்தின் எதிரொலியால் மட்டும் இவ்வளவு தொலைவு வந்திருக்க முடியாது.

வியட்நாமையும் பாருங்கள். 1988-இல் அந்நாடு நிலப் பொறுப்பைக் குடும்பங்களுக்கு அளித்தது. அடுத்த ஆண்டே பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசியை ஏற்றுமதி செய்தது. மந்திரம் போலத் தோன்றும். ஆனால் ஐ.ஆர். 8 நெல் மெகோங் கழிமுகத்துக்கு 1960-களின் இறுதியிலேயே வந்துவிட்டிருந்தது. அங்கும் விதை முந்தியது, கயிறு பிந்தி அவிழ்ந்தது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

சீர்திருத்தம் வேண்டாம் என்பதா இதன் பொருள்? அன்று. நல்ல விதை இருந்தும், ஊக்கமிழந்த உழவனின் கையில் அது முழுப் பயன் தரவில்லை என்பதற்கும் இதே சீனாதான் சான்று. லின் சுட்டிய திசை சரியானது. அவருடைய கணக்கை மருந்துச் சீட்டாக மாற்றிக்கொண்டவர்களே தவறினார்கள்.

தவறு சிறியதன்று. "பாதி வளர்ச்சி சந்தையால் வந்தது" என்று படிக்கும் நிதியமைச்சர், அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் வெட்டுவதற்கு எளிதான இடமாக விதை ஆய்வு நிலையத்தையே காண்பார். வெட்டியதன் விளைவு உடனே தெரியாது. முன்பு விதைத்ததைப் பத்து ஆண்டுகள் அறுவடை செய்யலாம். அதுவரை அவருடைய கொள்கை வெற்றியாகவே தோன்றும். களஞ்சியம் வற்றும்போது அவர் பதவியில் இருக்கமாட்டார். வரிசையில் நிற்பவன் உழவன். அவனுக்குப் பின்னால் அரிசி வாங்க வந்தவன்.

எனவே, ஏதேனும் ஒரு நாட்டில் சீர்திருத்தத்தால் உற்பத்தித்திறன் உயர்ந்தது என்று யாரேனும் சொன்னால், கூடவே ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுவோம்: அவிழ்த்துவிடப்பட்ட அந்தக் கைகளில் அன்று இருந்த விதை யாருடைய உழைப்பு? அடுத்த விதையை இப்போது செய்துகொண்டிருப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை இல்லாத கணக்கு, எவ்வளவு நுட்பமாகப் போடப்பட்டிருந்தாலும், பாதிக் கணக்கே.