எண்களிலிருந்து எழும் படம்

நோனோகிராம் என்னும் படப்புதிரில், வெற்றுக் கட்டங்களின் இடப்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ள எண்களே துப்புகளாகும்; ஒவ்வோர் எண்ணும் அவ்வரிசையில் இடைவிடாது கருப்பாக்க வேண்டிய கட்டங்களின் தொகையைக் குறிக்கிறது. 10 கட்டங்கள் கொண்ட வரிசையின் ஓரத்தில் 7 மட்டும் இருக்குமாயின், அத்தொடர் இடக்கோடியில் தொடங்கினாலும் வலக்கோடியில் முடிந்தாலும் 4 முதல் 7 வரையிலான கட்டங்களை விட்டு விலக இயலாது என்பதால், அந்நான்கையும் தயக்கமின்றி நிரப்பலாம்.

நிரம்பிய கட்டம் ஒவ்வொன்றும் தன்னைக் குறுக்கே வெட்டும் நிரலுக்கும் செய்தி சொல்கிறது; அந்நிரலின் துப்பு 1 என்றால், அதன் ஏனைய கட்டங்கள் அனைத்தும் சிறு பெருக்கல் குறிகளால் அடைபடுகின்றன. இவ்வாறு விலக்கி வைப்பதில்தான் நுட்பம் மிகுதி. ஊகித்து நிரப்பிய ஒரு கட்டத்தின் பிழை பல வரிசைகள் கடந்தே முரணாக வெளிப்படும் என்பதை அறிந்த தேர்ந்த கை, வழி அடைபட்ட இடத்தில் அவசரப்படாமல் அடுத்த வரிசைக்கு நகர்கிறது. பென்சில் முனை தாளில் உரசும் மெல்லொலியோடு, சிதறிக் கிடந்த கருமைகள் மெல்லக் கூடி ஒரு பறவையின் அலகாகவும் இறகாகவும் வடிவு கொள்கின்றன. செம்மையாக அமைந்த புதிருக்கு விடை ஒன்றே ஆதலால், அப்பறவையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் காட்ட முடிவதே இதன் தனிச்சுவை.