மன்னர் மறைத்த வரலாறு

அரியலூர் வட்டாரத்தில் கடலைப் பற்றிப் பேசுவது வெளியூராருக்கு வியப்பாக இருக்கலாம். திருமானூரை ஒட்டி ஓடும் கொள்ளிடந்தான் எங்களுக்குத் தெரிந்த பெருநீர். ஆயினும் இப்பகுதியின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பிகளும் நத்தைக் கூடுகளும் கல்லாகிக் கிடைக்கின்றன. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் கடலாயிருந்தது என்பதற்கு அவையே சான்று. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்து வந்த எம் பங்குச் சிறுவர்கள், கோடை விடுமுறை விவிலிய வகுப்பின்போது, கடலுக்குள் போன ஊரைப் பற்றிய படம் ஒன்று போடும்படி என்னை நச்சரித்தார்கள். அவர்களுக்காக நான் தேடி எடுத்தது, 2001ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘அட்லாண்டிஸ்: தி லாஸ்ட் எம்பயர்’ என்னும் கார்ட்டூன் படம். ஆங்கில உரையாடலை இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கிச் சொன்னேன்.

கேரி ட்ரௌஸ்டேல், கிர்க் வைஸ் இருவரும் இயக்கிய இப்படத்தின் கதை 1914இல் நிகழ்கிறது. மைலோ என்னும் இளம் மொழி ஆய்வாளன், பழஞ்சுவடி ஒன்றின் துணையுடன் கடலடியில் மறைந்துபோன அட்லாண்டிஸ் நகரத்தைத் தேடிப் புறப்படுகிறான். அங்கே மக்கள் இன்னும் வாழ்கிறார்கள். ஆனால், தங்கள் சுவர்களில் தங்கள் முன்னோர் பொறித்த எழுத்தைப் படிக்க அவர்களுள் ஒருவருக்கும் தெரியவில்லை. இளவரசி கீடா அந்நியனாகிய மைலோவை அழைத்துச் சென்று, நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் சுவரோவியங்களைக் காட்டி, என் மக்களின் கதையை எனக்குச் சொல் என்று வேண்டுகிறாள். படத்தின் உயிர் இந்தக் காட்சியில் இருக்கிறது. எழுத்து கண்முன் இருக்க, படிக்கும் கண் மட்டும் அவிந்துபோன ஒரு மக்களினத்தின் துயரத்தைச் சிறுவர்களுக்கான படமொன்று இவ்வளவு தெளிவாகக் காட்டியிருப்பது பாராட்டுக்குரியது.

இதற்கென்றே மார்க் ஓக்ராண்டு என்னும் மொழியியலாளர் ஒரு புது மொழியை உருவாக்கித் தந்தார். அதன் எழுத்து ஒரு வரி இடமிருந்து வலமாகவும், அடுத்த வரி வலமிருந்து இடமாகவும் செல்லும். ஏர்மாடு வயலின் கோடியில் திரும்பி உழுது வருவதைப் போல என்று சொன்னதும் எம் சிறுவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. கதை மூச்சு வாங்க நேரமின்றி ஓடுகிறது. பயணத் தோழர்கள் பலர் வேடிக்கைப் பேச்சுக்கு மட்டுமே பயன்படுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் நாட்டின் வரலாற்றைத் தேடிய கீடா, பிற்பகுதியில் நகரத்தின் உயிராற்றலான படிகத்தோடு ஒன்றாகிப் பேச்சற்றுப்போகிறாள். அவள் கேட்ட கேள்விக்கான விடை அவள் இல்லாத இடத்தில் சொல்லப்படுகிறது.

அந்த விடை என்ன? படைத்தலைவனின் அடியால் உயிர் துறக்கும் நிலையில் இருக்கும் முதிய மன்னர், மைலோவிடம் உண்மையைத் திறந்து சொல்கிறார். படிகத்தின் ஆற்றலைப் போர்க்கருவியாக்க முனைந்தவர் அவரே. அந்த ஆணவமே நகரத்தை வீழ்த்தியது. மீண்டும் அவ்வாறு நேரக் கூடாது என்றே அவர் படிகத்தை நகரத்தின் அடியில் ஒளித்துவைத்தார். அதைப் பற்றிய அறிவும் அதனுடன் மறைந்துபோனது. மக்களின் மறதிக்கு வெள்ளம் மட்டும் காரணமன்று; மன்னரின் மௌனமும் காரணம் என்பதை அப்போதுதான் உணர்கிறோம்.

இவ்விடத்தில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சாமி, ராஜா இதை முன்னாடியே எல்லாருக்கும் ஏன் சொல்லலை?" என்று கேட்டாள். வெட்கப்பட்டிருப்பார் என்று சொல்லிப் படத்தைத் தொடர்ந்து ஓடவிட்டேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

படம் முடிந்ததும் இளைஞர்கள் குமரிக்கண்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கடல்கோளில் தமிழ்ச் சங்கங்கள் அழிந்த செய்தியை இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே இருந்து அழிந்த நாற்பத்தொன்பது நாடுகளை அடியார்க்குநல்லார் தம் சிலப்பதிகார உரையில் எண்ணிக் காட்டுகிறார். இலெமூரியா என்ற பெயரோ, 1864இல் ஆங்கில விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட உயிரினங்களின் ஒற்றுமையை விளக்கச் சூட்டியது. கண்டங்கள் நகர்கின்றன என்று பின்னர் நிறுவப்பட்டபோது அறிவியலுக்கு அந்த நிலப்பரப்பு தேவையற்றதாகிவிட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொன்னேன். வேறொன்றும் என் மனத்தில் பட்டது. அட்லாண்டிஸ் கதையை முதலில் எழுதிய பிளேட்டோ, அந்நாடு தன் செருக்கினால் தண்டிக்கப்பட்டது என்றே எழுதினார். நாம் மேடைகளில் பேசும் குமரிக்கண்டத்தில் குற்றம் செய்தவர் எவருமில்லை. புலவர்களும் மன்னர்களும் குறையற்றவர்களாய் வாழ்ந்தார்கள். கடல் மட்டுமே தீங்கு செய்தது. இழந்த வீட்டை நினைவில் கட்டும்போது நாம் அதன் கறைபடிந்த அறைகளை விட்டுவிட்டுக் கட்டுகிறோம்.

விவிலியத்தில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று உண்டு. கி.மு. 622ஐ ஒட்டி, எருசலேம் கோவிலைப் பழுதுபார்க்கையில் தலைமைக்குரு இல்க்கியா திருச்சட்ட நூலைக் கண்டெடுக்கிறார். சாப்பான் அதை யோசியா அரசர்முன் வாசிக்கிறார். அரசர் தம் ஆடைகளைக் கிழித்துக்கொள்கிறார். முன்னோர் அந்நூலுக்குச் செவிகொடுக்கவில்லை என்பதை அவர் உணர்ந்துகொண்டார். பின்பு பெரியோர் முதல் சிறியோர்வரை எல்லாரையும் ஒன்றுகூட்டி, அவர்கள் கேட்கும்படி அந்நூலை முழுமையாக வாசித்தார். அட்லாண்டிஸ் மன்னர் அந்நியன் ஒருவனின் காதில் சொன்னதை, யோசியா ஊரறியச் சொன்னார்.

இந்த அளவுகோலால் அளந்தால் படத்தின் முடிவு என்னை ஏமாற்றியது. கீடா தன் தந்தையின் உருவத்தைக் கல்லில் செதுக்குகிறாள். அது மேலெழுந்து முன்னோர் மன்னர்களின் கல்முகங்களோடு சேர்ந்துகொள்கிறது. அழகான காட்சிதான். ஆனால் மன்னரின் அறிக்கையை மக்கள் கேட்டதாக ஒரு காட்சியும் இல்லை. ஊர் திரும்பும் தோழர்களும் கண்டதை மறைத்துவிட ஒப்புக்கொள்கிறார்கள். மறைத்ததனால் நேர்ந்த கேட்டைச் சொல்லவந்த படம், மறைப்பதோடு முடிகிறது.

இதை எழுதும்போது என் கை நடுங்கவே செய்கிறது. முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கின் நூற்றாண்டு விழா மலரை நானே தொகுத்தேன். கோவிலுக்கு அடிக்கல் நாட்டியவர், மணி வாங்கித் தந்தவர், தேர் செய்தவர் என எல்லாரும் அதில் இடம்பெற்றார்கள். அந்தப் பங்கின் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நெடுங்காலம் ஒரு சுவர் இருந்தது. இறந்தபின்னும் சாதி பிரித்து வைத்த சுவர் அது. நான் அங்கே போவதற்கு முன்பே அதை இடித்துவிட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு முதியவர் வந்து, "சாமி, அந்தச் சுவரைப் பத்தி எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார். அவருடைய தந்தை சுவரின் அப்புறத்தில் புதைக்கப்பட்டவர். விழா நேரத்தில் பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்றேன். அவர் மறுமொழி சொல்லாமல் தோத்திரம் கூறிப் போய்விட்டார். சுவர் இல்லாததால் சுவரின் வரலாறும் இல்லை என்று ஆக்கியவன் நான். மீண்டும் பகை மூளக் கூடாது என்று அன்று நான் எண்ணியது, அந்த மன்னர் எண்ணியதற்குச் சற்றும் வேறன்று. அந்தச் சிறுமிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையும் அதுவே.

ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தை எடுத்துரைக்காமல் மன்னிப்புப் பெற இயலாது என்று பிறருக்குக் கற்பிக்கிறோம். ஒரு பங்கின் வரலாற்றுக்கும் அதே ஒழுங்கு பொருந்தும் அல்லவா? அந்தச் சுவர் எதற்காகக் கட்டப்பட்டது, யாரையெல்லாம் பிரித்தது, அது மலரில் ஏன் இடம்பெறவில்லை என்பதை ஒரு பக்க அளவில் எழுதி, இப்போது அங்கே பங்குத்தந்தையாக இருப்பவருக்கு அனுப்பியுள்ளேன். பங்கின் வரலாற்றுக் குறிப்பேட்டில் அதைச் சேர்க்கவும், கல்லறைத் திருநாளன்று எல்லாரும் கேட்க வாசிக்கவும் வேண்டியிருக்கிறேன்.

அன்பு வாசகர்களே, இப்படத்தை உங்கள் பிள்ளைகளோடு பாருங்கள். முடிந்தபின், மன்னர் ஏன் சொல்லவில்லை என்று அவர்களிடம் கேளுங்கள். உங்கள் ஊரில் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், விடை சொல்ல ஆயத்தமாயிருங்கள்.