கிட்டாருக்கு வாகான நளினகாந்தி

தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு ஊர் சன்மார்க்க சங்கத்தார் திருவருட்பாவை ஒரு மெட்டில் பாடிக்கொண்டு போவார்கள். பின்னால் வருகிறவர்கள் அதே பாட்டை வேறு மெட்டில் பாடுவார்கள். எது அசல் என்று சண்டை வருவதில்லை. ராக் உலகத்தில் இது பெரிய விவகாரம். பாப் டிலன் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை 1965 ஜனவரியில் பதிவு செய்தார். அதே மாதம் பேர்ட்ஸ் குழுவும் பதிவு செய்தது. டிலனின் ஆல்பம் மார்ச்சில் வந்தது, பேர்ட்ஸின் சிங்கிள் ஏப்ரலில். நாலு சரணத்தில் மூன்றைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு தந்தி எலக்ட்ரிக் கிட்டாரைச் சேர்த்து அவர்கள் முதலிடம் பிடித்தார்கள்.

பெங்களூர் 'அகம்' ராக் குழு கத்தரிக்கவில்லை, வளர்த்தது. தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சரா' கிருதி 2017இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் 'மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்' ஆனது. (இந்தப் பெயர் தேவையா என்று தியாகராஜரே கேட்டிருப்பார்.)

ராகம் நளினகாந்தி. அதன் அழகெல்லாம் ஆரோகணத்தில் உள்ள ஒரு கோணலில்: ஸட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்குத் தாவி, ரிஷபத்துக்கு இறங்கி, அப்புறம் மத்யமம். ஸ-க-ரி-ம. 'கலைஞன்' படத்து 'எந்தன் நெஞ்சில்', ரஹ்மானின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இரண்டையும் முணுமுணுத்துப் பாருங்கள், அந்தக் கோணல் நாக்கில் தட்டும். தோடி ராகத்தைக் கிட்டாரில் வாசிக்க உட்கார்ந்தால் தந்தியை இழுத்தே விரல் தேய்ந்துவிடும். நளினகாந்தி துள்ளி ஓடும் ராகம், கட்டை கட்டையாகப் பிரிந்த கிட்டாருக்கு வாகானது. அகம் இந்தக் கிருதியைத் தேர்ந்ததிலேயே பாதி ரசனை தெரிந்துவிடுகிறது.

மீதிப் பாதி சங்கதிகளில். பல்லவியின் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு சுழிப்பு கூடுகிறது. ராக் குழுக்களும் ஒரே கிட்டார் வரியைத்தான் சுற்றிச் சுற்றி அடுக்குகின்றன. இந்த இரண்டு பழக்கமும் இங்கே தையல் தெரியாமல் பொருந்துகின்றன. கிட்டார்கள் எவ்வளவு இரைந்தாலும் அகத்தின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் கமகத்தை மழுப்புவதில்லை. வழுக்கிப் போகவேண்டிய இடத்தில் வழுக்கி, நிற்கவேண்டிய ஸ்வரத்தில் நிற்கிறார்.

ஒரு குறை எனக்கு உண்டு. தியாகராஜர் இதில் தன் மனசிடம் மன்றாடுகிறார். நான் சொல்வதைக் கேட்கக்கூடாதா என்கிற தோரணை. டிரம்ஸ் முழங்க ஆரம்பித்ததும் அந்த அந்தரங்கம் மைதானத்துக்கு வந்துவிடுகிறது. மேடையில் அது பலம். ராத்திரி ஹெட்போனில் கேட்கும்போது, ஒரு தம்புராவும் குரலும் போதுமே என்று தோன்றுகிறது.

முதலில் நல்ல கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு இதற்கு வரவேண்டும் என்பார்கள் பெரியவர்கள். கிட்டார் பழகும் பிள்ளைகள் வருவது எதிர்த்திசையில், அகத்திலிருந்து தியாகராஜருக்கு. வரட்டுமே. ஸ-க-ரி-ம விரலுக்கு வந்தவன் கச்சேரியில் அது எங்கே வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்வான்.